ஒரே பெட்டி, பல செவிகள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி, குரலும் பதிவும் என்ற பொருளில் நடைபெற்ற அமர்வில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன் பேசியவர்கள் ஏட்டுச்சுவடியின் குரலைப் பற்றியும், கவியரங்க மேடையின் குரலைப் பற்றியும் பேசினார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு மரப்பெட்டியின் குரல். மின்கிட்டார் இசைப்பவர்கள் தம் முதுகுக்குப் பின்னால் நிறுத்திவைக்கும் ஒலிபெருக்கிப் பெட்டி அது. அந்தப் பெட்டியின் குரலை எண்களாக்கிச் சிறு கோப்பில் அடைத்து விற்கும் தொழில் ஒன்று கடந்த இருபதாண்டுகளில் வளர்ந்திருக்கிறது. ஒரே பெயருடைய பெட்டியைப் பலர் பதிவு செய்து விற்கின்றனர். ஆனால் அப்பதிவுகளில் எந்த இரண்டும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. ஏன் ஒலிப்பதில்லை, அவற்றை ஒப்பிடுவது எப்படி, ஒப்பிட்டு முடித்தபின் நம் கையில் எஞ்சுவது என்ன என்ற மூன்று கேள்விகளே என் உரையின் பொருள்.

இலக்கிய வட்டத்தில் இதற்கு என்ன இடம் என்ற ஐயம் எழலாம். ஒரு பொருளின் குரல் என்று நாம் கொள்வதில் கேட்டவரின் நிலை எவ்வளவு கலந்திருக்கிறது என்ற வினா, கவிதை வாசிப்பவர்க்கும் உரியதுதான். அந்த வினாவைச் சென்டிமீட்டரிலும் ஹெர்ட்ஸிலும் அளந்து பார்க்கக்கூடிய இடம் இந்தத் துறை என்பதால்தான் இதைத் தேர்ந்தேன்.

முதலில் பெட்டியைப் பற்றிச் சில சொற்கள். வீணையின் குடம் எப்படி வீணையின் பகுதியோ, அப்படியே ஒலிபெருக்கிப் பெட்டி மின்கிட்டாரின் பகுதி. கிட்டாரின் கம்பி அதிர்வு மின்னோட்டமாகி, பெருக்கியில் வேண்டுமென்றே சிதைக்கப்பட்டு வெளிவரும்போது, அதை நேரடியாகக் கேட்டால் தகரப் பெட்டிக்குள் அடைத்த வண்டுகளின் இரைச்சலாகவே இருக்கும். அதை இசையாக்குவது பெட்டியிலுள்ள காகிதக் கூம்பு. கிட்டார் ஒலிபெருக்கிகள் ஏறத்தாழ 75 ஹெர்ட்ஸ் முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையே நன்றாகப் பேசும். அதற்கு மேல் அவற்றின் குரல் செங்குத்தாக இறங்கிவிடும். வண்டு இரைச்சல் பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. கூம்பின் இயலாமையே இங்கே அழகாகிறது.

இப்பெட்டிகளுக்குத் தனித்தனி மரபுகள் உண்டு. லண்டனின் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1960களில் நான்கு பன்னிரண்டு அங்குல ஒலிபெருக்கிகளை அடைத்த, பின்புறம் மூடிய பெட்டிகளைச் செய்து விற்றார். அவற்றில் செலஸ்டியன் நிறுவனத்தின் கூம்புகள் இருந்தன. காந்தத்தின்மேல் பச்சை மூடி போட்டிருந்ததால் அவற்றுள் ஒரு வகைக்குக் கிரீன்பேக் என்ற பெயர் நிலைத்தது. ஒவ்வொன்றும் 25 வாட் தாங்கும். அமெரிக்காவின் ஃபெண்டர் பெட்டிகள் பலவும், இங்கிலாந்தின் வாக்ஸ் ஏ.சி. 30 பெட்டியும் பின்புறம் திறந்தவை. அவற்றின் ஒலி முன்னும் பின்னும் பரவி அறையெங்கும் நிறையும். 1986இல் செலஸ்டியன் வெளியிட்ட விண்டேஜ் 30 என்ற கூம்பு 1990களின் கடும் இசைக்குரிய குரலாயிற்று. பெயரில் 30 இருந்தாலும் அது தாங்குவது 60 வாட். இத்துறையில் பெயரைக் கண்டு பொருளைத் தீர்மானிக்கலாகாது என்பதற்கு இதுவே முதற்பாடம்.

இனி, பெட்டியின் குரலை எப்படிப் பிடிக்கின்றனர் என்று பார்ப்போம். ஆங்கிலத்தில் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்று வழங்குவதை இவ்வுரையில் மறுமொழிப் பதிவு என்று சொல்கிறேன். ஒரு கோயிலின் கல்மண்டபத்தில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டல் ஒரு கணத்தில் முடிந்துவிடும். மண்டபம் அதன்பின்னும் சிறிது நேரம் பேசிக்கொண்டிருக்கும். அந்தப் பேச்சுதான் மண்டபத்தின் மறுமொழி. அதைப் பதிவு செய்துகொண்டால், அந்த மண்டபத்தில் எந்தப் பாட்டு எப்படி ஒலிக்கும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். ஏனெனில் எந்த ஒலியையும் அடுத்தடுத்து வரும் மிகச் சிறிய தட்டல்களின் வரிசையாகக் கொள்ளலாம். ஒவ்வொரு தட்டலுக்கும் அதன் வலிமைக்கேற்ற மறுமொழியை எழுதி, எல்லாவற்றையும் உரிய நேரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டினால், பாடகர் மண்டபத்துக்குப் போகாமலே மண்டபம் அவர் பாட்டுக்குப் பதில் சொல்லிவிடும். கன்வல்யூஷன் என்று கணிதத்தார் கூறுவது இதைத்தான்.

கணக்கு எளிது, உழைப்பு பெரிது. ஒரு நொடிக்கு 48,000 தட்டல்கள் என்று வைத்தால் கூட்டவேண்டியவை கோடிக்கணக்கில் ஆகும். இசைப்பவரின் விரலுக்கும் செவிக்கும் இடையே காத்திருப்பு தோன்றாமல் இதைச் செய்யும் வழியொன்றை வில்லியம் கார்ட்னர் 1995இல் வெளியிட்டார். மண்டபங்களின் மறுமொழியை ஏற்றித் தரும் கருவியை 1999இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2000ஆம் ஆண்டில் இத்தாலியரான ஆஞ்சலோ ஃபரீனா, கைதட்டலுக்கும் வெடியொலிக்கும் மாற்றாக, தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிக்குச் சீராக ஏறிச்செல்லும் ஒரே நீண்ட ஒலியைப் பயன்படுத்தி மறுமொழியைப் பிரித்தெடுக்கும் முறையை விளக்கினார். ஒலிபெருக்கிக் கூம்பைப் பதிவு செய்வோர்க்கு இது பெருந்துணை ஆயிற்று. மறுமொழியை இரைச்சலினின்று மேலெழுப்பும் அளவுக்கு வலிய ஒற்றைத் தட்டலைக் கொடுத்தால் கூம்பு கிழிந்துவிடும். சில நொடிகள் நீளும் ஏறொலியை அது பொறுத்துக்கொள்ளும்.

மண்டபத்தின் மறுமொழி பல நொடிகள் நீளும். பெட்டியின் மறுமொழியோ மிகக் குறுகியது. பல கருவிகள் 2048 எண்களோடு நின்றுவிடுகின்றன. நொடிக்கு 48,000 என்ற கணக்கில் அது ஏறத்தாழ 43 மில்லி நொடி. கண் இமைப்பதற்கும் குறைந்த அந்த நேரத்துக்குள் மரம், காகிதம், பசை, காந்தம் ஆகிய அனைத்தின் பேச்சும் அடங்கிவிடுகிறது.

ஆனால் இங்கே ஒரு நிபந்தனை உண்டு. மெல்ல அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் பொருள் ஒரே விதமாகப் பதில் தந்தால்தான் இந்தக் கணக்கு மெய்யாகும். உண்மையான கூம்பு அப்படிப்பட்டதன்று. ஓங்கி அடிக்கும்போது அது திணறும், சுருங்கும், சில நேரம் தானாக ஒரு கேவலையும் சேர்க்கும். மறுமொழிப் பதிவில் இவை வருவதில்லை. ஒருவர் அமைதியாக இருந்தபோது எடுத்த நிழற்படம் போன்றது அது. அவர் சினந்தபோது முகம் எப்படி மாறும் என்பதை அப்படம் சொல்லாது. யார் செய்த பதிவாயினும் இந்த எல்லை பொது.

பதிவு செய்து விற்போர் மூன்று திறத்தினர். ஓன்ஹாமர், ரெட்வயர்ஸ், யார்க் ஆடியோ, பின்லாந்தின் எம்.எல். சவுண்ட் லேப் போன்ற தனித் தொழிலர் ஒரு திறம். ஆக்ஸ்-எஃப்எக்ஸ் கருவியை 2006இல் கொண்டுவந்த ஃப்ராக்டல் ஆடியோ, ஹீலிக்ஸ் கருவியை 2015இல் கொண்டுவந்த லைன் 6, பிரான்சின் டூ நோட்ஸ் போன்ற கருவி செய்வோர் இரண்டாம் திறம். கூம்பு செய்வோரே பதிவும் செய்து தருவது மூன்றாம் திறம். செலஸ்டியன் 2017இல் தன் கூம்புகளின் பதிவுகளை விற்கத் தொடங்கியது. சிலர் ஒரே பெட்டிக்கு நூற்றுக்கணக்கான கோப்புகளைத் தந்து, தேர்வை வாங்குபவரிடம் விட்டுவிடுகின்றனர். சிலர் தாமே பல ஒலிவாங்கிகளைக் கலந்து, பக்குவம் செய்து, சில கோப்புகளை மட்டும் தருகின்றனர். முன்னது சொல்லகராதி; பின்னது தொகைநூல். இரண்டுக்கும் தேவை உண்டு. எது வேண்டுமென்று அறியாமல் வாங்குபவர்தான் ஏமாற்றம் அடைகிறார்.

இப்போது நம் முதற்கேள்விக்கு வருவோம். நான்கு விண்டேஜ் 30 கூம்புகள், ஒரு ஷூர் எஸ்.எம். 57 ஒலிவாங்கி என்று மூவர் தத்தம் கோப்புக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். மூன்றும் ஏன் மூவேறு விதமாக ஒலிக்கின்றன?

முதற்காரணம் கூம்பு. ஒரே பெயரில் வெவ்வேறு காலத்திலும் வெவ்வேறு ஆலையிலும் செய்யப்பட்டவை சந்தையில் உள்ளன. விண்டேஜ் 30 முதலில் இங்கிலாந்தில் செய்யப்பட்டது, பின்னர் சீனத்தில். புதிய கூம்பு விறைப்பாக இருக்கும். பல ஆண்டு அடிபட்ட கூம்பு தளர்ந்து இனிமை கொள்ளும். ஒரே பெட்டியில் உள்ள நான்கு கூம்புகளே தம்முள் வேறுபடும் என்பதைப் பதிவு செய்வோர் அனைவரும் அறிவர். அதனால்தான் நான்கையும் கேட்டு, நல்லதென்று தமக்குப் பட்ட ஒன்றின்முன் ஒலிவாங்கியை வைக்கின்றனர். பெட்டியின் பரும அளவும் மாறும். மெசா பூகியின் ரெக்டிஃபயர் பெட்டி மார்ஷல் பெட்டியை விடப் பெரியது, அடிக்குரல் கனத்தது.

இரண்டாவது காரணம், எல்லாவற்றிலும் பெரிது, ஒலிவாங்கியின் இடம். கூம்பின் நடுவே சிறு மூடி ஒன்று இருக்கிறது. அதன் மையத்துக்கு நேரே ஒலிவாங்கியை வைத்தால் குரல் கூர்மையாக, பளிச்சென்று இருக்கும். விளிம்பை நோக்கி இரண்டு விரற்கடை நகர்த்தினால் கூர்மை மழுங்கி, இருண்டு, கனக்கும். கூம்பின் துணிக்கு அருகே வைத்தால் அடிக்குரல் மிகும். விலக்கினால் அது குறைந்து காற்று நுழையும். 1965இல் வந்த எஸ்.எம். 57, நடுக்குரலை முன்னே தள்ளும் இயல்புடையது. 1998இல் வந்த ராயர் ஆர்-121 மெல்லிய உலோக நாடாவால் கேட்பது. உச்சிக்குரலைத் தணித்துக் கனத்தைத் தரும். 1960இல் வந்த ஸென்ஹைசர் எம்.டி. 421 இவ்விரண்டிலும் வேறானது. ஒரே கூம்பின் முன் இவை மூன்றும் மூன்று வாசகர்கள்.

இரண்டு ஒலிவாங்கிகளைக் கலக்கும்போது இன்னொரு சிக்கல் சேர்கிறது. ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். ஒன்றைவிட மற்றொன்று 10 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால், ஒலி அதற்கு ஏறத்தாழ 0.29 மில்லி நொடி பிந்திச் சேரும். சம அளவில் கலந்தால் 1700 ஹெர்ட்ஸ் அருகே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கிட்டாரின் சொல் தெளிவு பிறக்கும் இடத்திலேயே பள்ளம் விழுகிறது. அதனால் விற்போர் பலர் எல்லாக் கோப்புகளின் தொடக்கத்தையும் ஒரே கணத்துக்கு நேர்செய்து தருகின்றனர். சிலர் அந்தப் பள்ளத்தை அப்படியே விட்டு, அதையும் குரலின் பகுதியாக்குகின்றனர். ஒருவர் தந்த கோப்போடு மற்றொருவர் தந்ததைக் கலந்து, நன்றாயில்லை என்று இருவரையும் குறைகூறுவோர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

மூன்றாவது காரணம் பலர் கண்ணில் படாதது: பதிவின்போது கூம்பை இயக்கிய பெருக்கி. கூம்பின் மின்தடுப்பு எல்லாச் சுருதியிலும் ஒன்றாக இருப்பதில்லை. பெட்டியில் அடைத்த கூம்புக்கு 100 ஹெர்ட்ஸ் அருகே அது திடீரென உயர்கிறது. உச்சிக்குரலை நோக்கியும் படிப்படியாக ஏறுகிறது. வெற்றிடக்குழாய்ப் பெருக்கி, தடுப்பு உயர்ந்த இடங்களில் கூடுதலாகத் தள்ளும். டிரான்சிஸ்டர் பெருக்கி பெரும்பாலும் எங்கும் ஒரே அளவில் தள்ளும். ஆகவே குழாய்ப் பெருக்கியால் எடுத்த பதிவில் அடியும் உச்சியும் ஏற்கெனவே தூக்கலாக இருக்கும். வாங்கியவரின் கருவியும் அதே தூக்கலைத் தன் பங்குக்குச் சேர்த்தால், உப்பிட்ட சோற்றில் மீண்டும் உப்பிட்ட கதைதான். இக்குற்றம் பதிவு செய்தவருடையதும் அன்று, கருவி செய்தவருடையதும் அன்று. இருவரும் தம் அளவில் நேர்மையாகவே செய்திருக்கிறார்கள். ஒருவர் செய்தது மற்றவர்க்குத் தெரிவிக்கப்படவில்லை.

நான்காவது, பதிவுக்குப் பிந்திய கைவேலை. அடிக்குரலை வெட்டியிருக்கலாம்; அறையின் எதிரொலி வரும்முன் வாலை நறுக்கியிருக்கலாம்; அளவை உயர்த்தியிருக்கலாம். வாலை மிகவும் நறுக்கினால் தாழ்சுருதியின் நுட்பம் மங்கும். 2048 எண்கள் கொண்ட கோப்பு ஏறத்தாழ 23 ஹெர்ட்ஸ் இடைவெளியில் வேறுபாடுகளைக் காட்டவல்லது. 1024 எண்களுக்குக் குறைத்தால் அந்த இடைவெளி இருமடங்காகும். 5000 ஹெர்ட்ஸில் இது பொருட்டன்று. 100 ஹெர்ட்ஸின் அருகே இது பெரும் வேறுபாடு.

இவ்வளவையும் கேட்டபின், ஒரே பெயருள்ள மூன்று கோப்புகள் வேறுபடுவதில் வியப்பில்லை; ஒத்திருந்தால்தான் வியப்பு. பெட்டியின் பெயர் மேலட்டையில் இருக்கிறது. உள்ளே இருப்பது ஒரு மனிதர் ஒரு பிற்பகலில் எந்த இடத்தில் நின்று கேட்டார் என்ற செய்தி.

அடுத்து, ஒப்பிடும் முறை. இதில் நடைபெறும் பிழைகளுள் தலையாயது ஒலியளவைச் சமன் செய்யாமை. உரத்தது நல்லதாகவே தோன்றும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட வளைவுகள், ஒலியின் அளவு மாறும்போது நம் செவிக்கு அடிக்குரலும் உச்சிக்குரலும் வெவ்வேறு வீதத்தில் மாறித் தோன்றும் என்று காட்டின. ஒரு டெசிபல் உயர்ந்திருந்தால், கேட்பவர் அதை உரப்பு என்று உணரமாட்டார். உயிர்ப்பு என்பார், ஆழம் என்பார், தெளிவு என்பார். கவியரங்கில் உரத்த குரலுக்குக் கிடைக்கும் கைதட்டலை அறிந்தவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. கோப்புகளின் உச்ச அளவைச் சமன் செய்தால் போதாது. கிட்டாரை ஏற்றிக் கேட்டு, சராசரி உரப்பைச் சமன் செய்யவேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு கோப்புக்கும் புதிதாக வாசித்துப் பார்ப்பது. விரல் தான் கேட்பதற்கேற்பத் தானே மாறிக்கொள்ளும். பளிச்சென்ற கோப்பின் முன் மெல்லமாகவும் இருண்ட கோப்பின் முன் ஓங்கியும் அடிக்கும். ஆகவே பெட்டி சேராத நேரடிக் கிட்டார் ஒலியை ஒருமுறை பதிவு செய்துகொண்டு, அதே வாசிப்பை எல்லாக் கோப்புகளின் வழியாகவும் அனுப்பவேண்டும். அந்த வாசிப்பில் உள்ளங்கையால் அடக்கிய அடியும், திறந்த நாதத்தொகுதியும், தனித்த நீள்சுரமும் இருத்தல் நலம். அடக்கிய அடி அடிக்குரலின் உண்மையைச் சொல்லும். திறந்த நாதம் நடுக்குரலின் நெரிசலைச் சொல்லும். நீள்சுரம் உச்சியின் முரட்டுத்தனத்தைச் சொல்லும்.

மூன்றாவது, தனியே கேட்டுத் தீர்ப்பளிப்பது. தனியே கேட்கும்போது கனத்த கோப்பு வெல்லும். முரசும் அடிக்கிட்டாரும் குரலும் சேர்ந்தபின், அந்தக் கனம் அடிக்கிட்டாரோடு மோதிக் குழம்பும். மெலிந்ததென்று ஒதுக்கியது அங்கே தெளிவாக நிற்கும். தனிவரியாக நன்றாயிருந்து கவிதைக்குள் பொருந்தாத வரியை நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள்.

நான்காவது, பெயரை அறிந்தபின் கேட்பது. விலையும் புகழும் செவிக்குள் நுழைந்துவிடும். கோப்புகளின் பெயரை மறைத்து, வரிசையைக் கலைத்து, மறுநாளும் கேட்பது நல்லது. சில நிமிடங்களில் செவி எந்தக் குரலுக்கும் பழகிவிடும். முதலில் கேட்டது அளவுகோலாகிவிடும். அடுத்தது எதுவாயினும் அதிலிருந்து பிறழ்ந்ததாகத் தோன்றும்.

இம்முறைகளைக் கைக்கொண்டு நான் ஒப்பிட்டபோது எனக்குக் கிட்டியதைச் சொல்கிறேன். விற்பனையாளர்க்கு விற்பனையாளர் பெரிதாகத் தோன்றிய வேறுபாடு, உரப்பைச் சமன் செய்து பெயரை மறைத்தபின் வெகுவாகச் சுருங்கியது. ஒரே விற்பனையாளர் தந்த தொகுப்புக்குள், ஒலிவாங்கி மையத்தில் இருந்தபோதும் விளிம்பில் இருந்தபோதும் உள்ள வேறுபாடு, இரண்டு விற்பனையாளர்களிடையே உள்ள வேறுபாட்டைவிடப் பெரிதாக இருந்தது. எஞ்சிய வேறுபாடு மெய்யானது. அதைச் சொல்ல எந்த நிறுவனத்தின் பெயரும் எனக்குத் தேவைப்படவில்லை. அடி சற்று மிகுதி, 3000 ஹெர்ட்ஸ் அருகே சற்று முரடு என்ற இரண்டு தொடர்களே போதுமானவையாக இருந்தன.

கணிதமும் இதையே சொல்கிறது. இத்தகைய இரண்டு பதிவுகளுக்கிடையே உள்ள வேறுபாடு முழுவதும், எந்தச் சுருதி எவ்வளவு ஏறியது, இறங்கியது, எப்போது வந்தது என்பதில் அடங்கிவிடும். ஒன்றை மற்றொன்றாக்கும் வளைகோட்டைக் கணினி வரைந்துவிடும். அப்படியாயின் விற்போர் விற்பது வெறும் வளைகோடா என்று நீங்கள் கேட்கலாம். ஆம், வளைகோடுதான். ஆனால் அதன் நுண்ணிய மேடுபள்ளங்கள் காகிதம் நெளிந்து உடைந்து அதிர்ந்ததால் உண்டானவை. கையால் அவற்றை வரைந்துவிட முடியாது. ஒலிவாங்கியை ஒரு விரற்கடை நகர்த்தி, கேட்டு, மீண்டும் நகர்த்தி, போதும் என்று நிறுத்திய ஒருவரின் தீர்ப்பு அதில் இருக்கிறது. நாம் விலைகொடுத்துப் பெறுவது அந்தத் தீர்ப்பை.

இங்கே பரவலான ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பதிவு என் பெட்டியைப் போல் இல்லை என்று இசைப்பவர் பலர் சொல்கின்றனர். அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் அவர்கள் தம் பெட்டியை இரண்டு மீட்டர் தள்ளி, முழங்கால் உயரத்திலிருந்து எழும் ஒலியாக, அறையின் சுவரும் தரையும் கூடிப் பேசக் கேட்டவர்கள். கூம்புக்கு இரண்டு விரற்கடை அருகே காதை வைத்து எவரும் கேட்டதில்லை, கேட்கவும் இயலாது. நாம் இசைத்தட்டுகளில் கேட்டுப் பழகிய கிட்டார் ஒலியோ அந்த இரண்டு விரற்கடையிலிருந்து வந்தது. ஆகவே இருவரும் வேறுவேறு பொருளைத் தேடுகின்றனர். ஒருவர் தேடுவது அறையிலிருந்த பெட்டியை. மற்றவர் தேடுவது இசைத்தட்டிலிருந்த பெட்டியை. ஒப்பீட்டில் எழும் சச்சரவுகளுள் பாதி, இந்த இரண்டையும் பிரித்தறிந்தால் ஓய்ந்துவிடும்.

நம் துறையோடு ஓர் ஒப்புமை காட்டி, அதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில் சுவடிக்குச் சுவடி கண்ட பிரதிபேதங்களைக் குறித்துக் காட்டினார். தாம் எதைக் கொண்டார், எதை விட்டார் என்பதை வாசகர் அறியும்படி வைத்தார். மறுமொழிப் பதிவு விற்போரிடம் நான் எதிர்பார்ப்பதும் இதுவே. கூம்பு எந்த ஆண்டினது, ஒலிவாங்கி எங்கே இருந்தது, இயக்கிய பெருக்கி எது, பின்னர் எதை வெட்டினீர் என்ற நான்கையும் சொல்லிவிடுபவர் நம்பத்தகுந்த பதிப்பாசிரியர். சிலர் சொல்கின்றனர். பலர் கவர்ச்சியான பெயர்களோடு நின்றுவிடுகின்றனர். எல்லை யாதெனில், சுவடிகளுக்குப் பின்னால் ஒரு மூலபாடம் இருந்தது என்று நம்புகிறோம்; பெட்டிக்கு அப்படி ஒரு மூலக்குரல் இல்லை. நிற்கும் இடந்தோறும் அது வேறு குரல். ஆகவே எது சரியான பதிவு என்ற கேள்விக்கு இங்கே விடையில்லை. எது எந்தப் பாட்டுக்குப் பொருந்தும் என்ற கேள்விக்கு விடையுண்டு.

இவ்வொப்பீடு ஏதோ சிலரின் பொழுதுபோக்கு என்று எண்ணிவிட வேண்டாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் இளைஞர் ஒருவர் நூறு வாட் பெட்டியை முழக்க இயலாது. செவியில் மாட்டும் கருவியோடு நள்ளிரவில் அவர் அமர்கிறார். அவர் எந்நாளும் பார்த்திராத, தொட்டிராத ஒரு பெட்டியின் வழியாகத்தான் அவருடைய இசை வெளிவருகிறது. தேய்ந்து கிழியப்போகும் பழைய கூம்புகளின் குரல் இக்கோப்புகளில் தங்குகிறது. இவை பெரிய நன்மைகள். இழப்பும் உண்டு. அவருக்கு முந்திய தலைமுறை, பெட்டியைச் சுவர் மூலைக்கு நகர்த்தியும் நாற்காலிமேல் தூக்கிவைத்தும் தன் குரலைத் தானே தேடிற்று. இப்போது உலகெங்கும் ஆயிரம் பேர் புகழ்பெற்ற ஒரே கோப்பை ஏற்றுகிறார்கள். ஒருவர் ஒரு பிற்பகலில் நின்ற இடத்தில் ஆயிரம் பேரும் நிற்கிறார்கள். இசை வேறாயினும் குரல் ஒன்றாகிவிடுகிறது. புகழ்பெற்ற ஒரு கவிஞரின் வாக்கிய ஓட்டத்தில் பலரும் எழுதத் தொடங்கிய காலங்களை நம் இலக்கியமும் அறியும்.

அதற்கு மருந்து இன்னும் ஆயிரம் கோப்புகளை வாங்கி ஒப்பிடுவதாகாது. ஓயாத ஒப்பீடு வாசிப்பைத் தின்றுவிடும். நான் கூறத் துணிவது இவ்வளவே. உரப்பைச் சமன் செய்து, பெயரை மறைத்து, தன் பாட்டுக்குள் வைத்து, இரண்டு மூன்று பதிவுகளைத் தேர்ந்துகொள்ளட்டும். பின்னர் ஓராண்டு அவற்றோடு வாழட்டும். அவற்றின் குறை எது, அக்குறைக்குத் தன் விரல் எப்படி ஈடு செய்கிறது என்பதை அறியட்டும். பிறர் செவியால் கேட்ட பெட்டி, அப்போதுதான் தன் பெட்டியாகும்.

இந்தப் பத்தாண்டுகளில் நம் வட்டம் செய்துவந்திருப்பதும் இதற்கு நெருக்கமானதே எனக் கருதுகிறேன். ஒரே கவிதையைப் பலர் கேட்டோம். ஒருவர் கேட்ட இடத்தில் மற்றவர் நிற்கவில்லை. எங்கே நின்று கேட்டோம் என்பதை மட்டும் ஒளிக்காமல் சொல்லிக்கொண்டோம். அந்த ஒழுக்கம் இனியும் தொடரவேண்டும் என விழைகிறேன்.